சக்கரத்தின் இரண்டு சத்தங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குத் தடுப்பு வைத்துவிட்டால், மறுநாள் காலை 7.30 வரை மோட்டார் வண்டிகள் வராது. விடியற்காலையில் காந்தி சிலைப் பக்கமிருந்து தெற்கே டூப்ளே சிலையை நோக்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். அலை ஓசைக்கு நடுவே பின்சக்கரத்தின் டிக்-டிக்-டிக் தெளிவாகக் கேட்கும். நடையை வேகப்படுத்தினால் அதுவும் வேகமெடுக்கும், நின்றால் நிற்கும். நல்ல நிலையில் இருக்கிற ஒரு ஃப்ரீவீலின் சத்தம் அது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அது பிடிக்கும்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, அதே சாலையில் அந்த டிக்-டிக்கின் அடியில் வேறொரு சத்தம் சேர்ந்திருந்தது. காதில் விழுந்ததைவிடக் கைப்பிடியில்தான் அதிகம் உணர்ந்தேன். யாரோ மணலை மெல்வதுபோலக் கரகர என்றது. முத்தியால்பேட்டையில் வழக்கமாகப் போகும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் சுருள் கம்பியில் இரண்டு விரலை வைத்தார். "கோன் போயிடுச்சு சார். வெறும் குண்டு மட்டும் மாத்தினா பத்து நாள் தாங்காது" என்றார். கழற்றாமலேயே சொன்னார். கழற்றிப் பார்த்தபோது அவர் சொன்னபடியே இருந்தது. அந்த இரண்டு விரலுக்கு என்ன தெரிந்தது என்ற கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நாம் பால்ரஸ் என்று சொல்கிற அமைப்பில் மூன்றே பொருட்கள்தான். சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் இரண்டு ஓரத்திலும் கிண்ணம்போல் குழிந்த கப்பு. அச்சில் மரை போட்டு ஏற்றிய கோன். இரண்டுக்கும் நடுவே கிரீஸில் புதைந்த குண்டுகள். நம்மூர் சைக்கிளில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு ஒரு பக்கம் 10 குண்டு, பின்சக்கரத்துக்கு ஒரு பக்கம் 9. முன்னது 4.76 மில்லிமீட்டர், பின்னது 6.35 மில்லிமீட்டர். சக்கரத்தோடு கப்பு சுற்றும். கோன் அச்சோடு அசையாமல் நிற்கும். குண்டுகள் இரண்டுக்கும் இடையில் உருண்டுகொண்டே போகும். எஃகின்மேல் எஃகு வழுக்கினால் ஏற்படும் உராய்வோடு ஒப்பிட்டால், உருளும்போது ஏற்படுவது நூறில் ஒரு பங்குகூட இருக்காது.

இந்த யோசனை சைக்கிளுக்குள் வந்தது பிரான்சில். பாரிஸில் சைக்கிள் பழுதுபார்த்த ஜூல் சூரிரே என்பவர் 1869 ஆகஸ்டில் குண்டு வைத்த சக்கர அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு நவம்பர் 7-ம் தேதி பாரிஸிலிருந்து ரூவான் வரை 123 கிலோமீட்டர் பந்தயம் நடந்தது. குண்டு வைத்த வண்டியில் போன ஜேம்ஸ் மூர், பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தார். இன்னொரு விஷயம் என்னை வியக்கவைத்தது. மிதிக்காமல் போனாலும் சக்கரம் தன்போக்கில் ஓட விடும் ஃப்ரீவீலுக்கும் அதே 1869-ல்தான், அமெரிக்காவில் வில்லியம் வான் ஆண்டன் என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஆக, என் சைக்கிளின் இரண்டு சத்தங்களும் ஒரே ஆண்டில் பிறந்தவை. மூர் பந்தயம் வென்ற பத்தாம் நாள் சூயஸ் கால்வாய் திறந்தது. பாரிஸுக்கும் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குமான கடல்வழி சுருங்கியது.

ஆனால் அன்றைய குண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை. ஒரே அளவில், நல்ல உருண்டையாக, ஆயிரக்கணக்கில் அரைத்தெடுக்கும் இயந்திரத்தை ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் 1883-ல் செய்தார். அதன்பிறகே பால்ரஸ் ஏழைகளின் வாகனத்துக்கும் வந்து சேர முடிந்தது. இன்று நல்ல தரமான குண்டின் உருண்டைப் பிசகு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், அதாவது ஒரு மைக்ரானுக்கும், குறைவு. தேய்ந்த குண்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு புதுக் குண்டு போடக் கூடாது என்று மெக்கானிக்குகள் அடித்துச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். மற்றவற்றைவிடச் சில மைக்ரான் பெரிதாக இருந்தாலே போதும், அடிப்பக்கம் வரும்போதெல்லாம் அந்த ஒரு குண்டே மொத்தப் பாரத்தையும் தாங்கும்.

பாரம் என்றால் எவ்வளவு? ஓட்டுபவர், வண்டி எல்லாம் சேர்த்துப் பின்சக்கரத்தில் 54 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு பக்கத்து பால்ரஸுக்கு 27 கிலோ. அது 9 குண்டுகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை. அச்சுக்கு மேலே இருக்கும் குண்டுகள் சும்மா உருளும். கீழே இருப்பவைதான் சுமக்கும். 1900-களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பொறியாளர் ரிஷார்ட் ஷ்ட்ரீபெக் இதைக் கணக்கிட்டு ஓர் எளிய வாய்ப்பாடு தந்தார்: மொத்தப் பாரத்தை ஐந்தால் பெருக்கி, குண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் நட்டநடுவே மாட்டும் குண்டின் பங்கு கிடைக்கும். 27-ஐ ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் 15 கிலோ. குண்டு கோனைத் தொடும் இடம் எள்முனையைவிடச் சிறியது. அந்த இடத்தில் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டுகிறது. இது பள்ளத்தில் விழாமல் சீராக ஓடும்போதே.

இப்படி இரண்டு வளைந்த பரப்புகள் ஒன்றையொன்று அழுத்தும்போது என்ன நடக்கும் என்பதைக் கணக்காக எழுதியவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ். பின்னாளில் ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். 1881 வாக்கில், இருபத்துச் சொச்சம் வயதில், கண்ணாடி லென்ஸ்களை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தும்போது தெரியும் ஒளி வளையங்களைப் பற்றி யோசித்தபோது இது அவருக்குப் பிடிபட்டது. அவர் போட்ட பாதையில் பின்னர் வந்தவர்கள் கண்ட உண்மை ஒன்று: எஃகு அதிகம் வேதனைப்படும் இடம் மேற்பரப்பு இல்லை, அதற்குச் சற்று அடியில். ஒவ்வொரு முறை குண்டு உருண்டு போகும்போதும் தோலுக்குக் கீழே எஃகு ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. லட்சக்கணக்கான முறை இப்படி நடந்தபின், எஃகில் ஒளிந்திருக்கும் ஏதாவது ஒரு மாசுத் துகளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தொடங்கும். அது மெல்ல மேலே வந்து, ஒருநாள் சிறு செதிலாகப் பெயர்ந்து விழும். விழுந்த செதில் கிரீஸுக்குள் கிடந்து அடுத்த குண்டையும் அதற்கடுத்த குண்டையும் கீறும். கரகரப்பு நாளுக்கு நாள் வேகமாக வளர்வது அதனால்தான்.

கழற்றிய கோனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பல்லில் சொத்தை விழுந்ததுபோல் ஒரே ஒரு பக்கத்தில்தான் குழி இருக்கும். கப்பில் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். கப்பு சுற்றிக்கொண்டே இருப்பதால் தன் வளையம் முழுவதிலும் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. கோன் அசைவதில்லை. அதன் அடிப்பக்கம்தான் வண்டி வாங்கிய நாளிலிருந்து அத்தனை பாரத்தையும் தாங்கியிருக்கிறது. போதாததற்கு, கோனின் வெளி வளைவும் குண்டின் வளைவும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டுவதால் தொடும் இடம் இன்னும் சிறுத்துவிடுகிறது. அழுத்தம் எகிறுகிறது. கப்பு குண்டை உள்ளங்கைபோல் ஏந்திக்கொள்கிறது. ஒரே பாரம், ஒரே எஃகு, இருந்தும் கோன்தான் முதலில் போகும்.

அண்ணனின் இரண்டு விரலுக்குத் தெரிந்தது இந்தச் சொத்தைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. குண்டுகளின் கூட்டம் சக்கரத்தின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் ஊர்கிறது. எனவே கோனில் இருக்கும் ஒரு குழியை நொடிக்குப் பத்து குண்டுகள் கடக்கின்றன. நொடிக்கு இருபது அதிர்வுக்குக் கீழே போனால் காது அதைச் சுருதியாக எடுத்துக்கொள்வதில்லை, விரல் எடுத்துக்கொள்ளும். சீட்டுச் சுருள் கம்பியோ சும்மா தட்டினாலே நெடுநேரம் நடுங்கக்கூடியது. ஆலைகளில் பெரிய இயந்திரங்களின் பால்ரஸைக் கண்காணிக்க அதிர்வுமானியை ஒட்டிவைத்து, எத்தனை அதிர்வு வருகிறது என்று பார்த்து, பழுது உள்வளையத்திலா வெளிவளையத்திலா என்று சொல்கிறார்கள். முத்தியால்பேட்டையில் அந்த வேலையைச் சீட்டுக் கம்பியும் விரலும் செய்கின்றன.

எஃகு களைத்துப்போகப் பல ஆண்டுகள் ஆகும். புதுச்சேரியில் அதுவரை காத்திருக்க விடாத ஒன்று இருக்கிறது, உப்பு. சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மெக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பிக்கும். நம் கடற்கரையில் பெரும்பாலான விடியல்கள் அதைவிட ஈரமானவை. அதனால் மழையே பெய்யாவிட்டாலும், கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு ஒவ்வோர் இரவும் ஹப்பின் ஓரத்தில் ஒரு துளி உப்புநீரைத் தயாரித்துவைக்கிறது. பால்ரஸ் எஃகில் கரிமம் ஒரு விழுக்காடு, குரோமியம் ஒன்றரை விழுக்காடு அளவில்தான் இருக்கும். துருவைத் தடுக்க வேண்டுமானால் குரோமியம் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். கடினமாக இருக்கட்டும் என்று செய்த எஃகு அது, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று செய்ததில்லை.

ஊரைவிட்டு வடக்கே ஆரோவில் பக்கம் போனால் செம்மண் புழுதி. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணல், பால்ரஸ் எஃகைவிடச் சற்றுக் கடினமானது. கிரீஸில் ஒரு சிட்டிகை சேர்ந்தாலும் உள்ளே அம்மியில் அரைப்பதுபோல அரைத்துவிடும். இதை நினைத்துத்தான், அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிச் சைக்கிள் கழுவுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. வெளியே இருந்த மணலை ஹப்புக்குள் தள்ளிவிடும் வேலை அது.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் காலைக்குள் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கிருஷ்ணா நகர் போன்ற இடங்களில் ராணுவம் இறங்கி மக்களை மீட்க வேண்டியிருந்தது. மனிதர்களைக் காப்பாற்றும் நேரத்தில் சைக்கிளைப் பற்றி யார் நினைப்பார்கள்? வாசலிலும் மாடிப்படிக்கு அடியிலும் நின்ற வண்டிகள் அச்சு முழுகத் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் துடைத்து வைத்தவர்கள், சில வாரம் கழித்து எடுத்து ஓட்டியபோது சக்கரம் விக்கி விக்கிச் சுற்றுவதைக் கண்டிருப்பார்கள். குண்டும் கப்பும் தொடும் இடுக்கில் ஈரம் தங்கி, அசையாமல் நின்ற ஒவ்வொரு குண்டின் காலடியிலும் துரு ஒரு குழி பறித்துவிடுகிறது. கப்பைத் துடைத்துப் பார்த்தால், பல்லாங்குழிபோல் சம இடைவெளியில் கறைகள் தெரியும். தண்ணீர் வடிந்த அன்றே ஓவராயிலுக்குக் கொடுத்திருந்தால் இருபது கிராம் கிரீஸோடு முடிந்திருக்கும்.

ஓவராயில் என்ற அந்தச் சொல்லின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மேலே எண்ணெய் விடுவதுதான் போல என்று பள்ளி நாட்களில் நினைத்திருந்தேன். உண்மையில் முழுக்கப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, புது கிரீஸ் வைத்துப் பூட்டுவது. கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் இல்லை. சோப்புப் பஞ்சில் ஊறிய எண்ணெய். பெரும்பாலான கிரீஸில் லித்தியம் சோப்புதான் பஞ்சு. அது எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். அந்த எண்ணெய், குண்டுக்கும் கோனுக்கும் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமாக நின்று இரண்டையும் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் கலந்தால் படலம் கிழிந்துவிடும். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; பழுப்பாக இருந்தால் துரு; கறுத்து மினுமினுத்தால் அது கோனின் உடம்பிலிருந்து வந்த எஃகுப்பொடி.

இனி அந்த டிக்-டிக். ஃப்ரீவீலின் வெளிவளையத்தில் சங்கிலி ஓடும் பற்கள் இருக்கும். அதன் உட்பக்கத்தில் ரம்பம்போல் ஒரு பக்கம் சாய்ந்த இன்னொரு பல்வரிசை. நடுப்பகுதியில் இரண்டு இரும்பு நாக்குகள் மெல்லிய வில்கம்பியால் வெளியே தள்ளப்பட்டு நிற்கும். மிதிக்கும்போது நாக்கு பல்லில் மாட்டி சக்கரத்தை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பல்லின் சரிவில் ஏறி, அடுத்த பள்ளத்தில் விழும். விழும்போது ஒரு டிக். உள்ளே 24 பல் என்று வைத்துக்கொண்டால், நடைவேகத்தில் நொடிக்கு 12 டிக். தனித்தனியாக எண்ணக்கூடிய அளவு. 15 கிலோமீட்டர் வேகத்தில் 45. அப்போது டிக்-டிக் கரைந்து ஒரு ரீங்காரமாகிவிடும். 45 ஹெர்ட்ஸ் என்று சொல்லலாம். குண்டின் அழுத்தத்தைக் கணக்கிட்டவர் பெயரே சத்தத்தை எண்ணவும் வந்து நிற்கிறது.

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவதும் எளிது. ஃப்ரீவீலுக்குள்ளும் 3 மில்லிமீட்டர் அளவில் குட்டிக் குண்டுகள் உண்டு. ஆனால் மிதிக்கும்போது அவை உருள்வதில்லை, எல்லாம் ஒரே கட்டாகச் சுற்றுகின்றன. மிதிப்பதை நிறுத்தினால் மட்டும் உருளும். ஹப்பின் குண்டுகளோ மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் உருளும். மிதிக்காதபோது மட்டும் கரகரத்தால் ஃப்ரீவீல். எப்போதும் கரகரத்தால் ஹப். மிதிக்கும்போது மட்டும் என்றால் பெடல் பக்கம் பார்க்க வேண்டும். ஃப்ரீவீல் சுற்றும்போது கொஞ்சம் கோணலாக ஆடுவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பாரமில்லாத நேரத்தில்தான் அது ஆடுகிறது, கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது அதன் மௌனத்துக்குத்தான். டிக்-டிக் தொல்லையாக இருக்கிறதென்று ஃப்ரீவீலுக்குள் கெட்டி கிரீஸை அடைத்தால் சத்தம் அடங்கிவிடும். கூடவே நாக்குகளும் ஒட்டிக்கொள்ளும். வில்கம்பி மெல்லியது, கிரீஸைத் தள்ளிக்கொண்டு நாக்கை வெளியே கொண்டுவர அதற்கு வலு போதாது. ஒருநாள் எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும்போது பெடல் வெறுமனே சுற்றிவிடும். முழங்கால் கைப்பிடியில் மோதும். சாலையில் லாரி வரும் நேரமாக இருந்தால் என்னவாகும் என்று எழுதவே கை வரவில்லை. ஃப்ரீவீலுக்கு மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் கூட்டமாகப் பறக்கும் இளைஞர்களின் கியர் சைக்கிள்களில் இருப்பது ஃப்ரீஹப். ஃப்ரீவீலை ஹப்பின்மேல் மரையில் முறுக்கி ஏற்றினால், வலப்பக்கத்துக் குண்டுகள் பற்சக்கர அடுக்கின் இடப்புறம் ஒதுங்கிவிடும். அங்கிருந்து சட்டம்வரை அச்சு வெறுமனே நீண்டு நிற்கும். பற்சக்கரங்கள் கூடக்கூட அந்த நீளமும் கூடி, அச்சு வளையும் அல்லது முறியும். நாக்குப் பகுதியை ஹப்போடு சேர்த்தே செய்து, வலப்பக்கத்துக் குண்டுகளை வெளி ஓரத்துக்குக் கொண்டுபோனது ஃப்ரீஹப். ஷிமானோ 1978-ல் அதைப் பரவலாக்கியது. விலை உயர்ந்தவற்றில் உள்ளே 72 பல் கொண்டவையும் உண்டு. மிதித்ததும் 5 டிகிரிக்குள் மாட்டிக்கொள்ளும். 24 பல்லில் 15 டிகிரி வரை வெறுமனே சுற்ற வேண்டியிருக்கும். பல் கூடினால் சுருதியும் ஏறும். அகன்ற அலுமினிய ஹப்பும் உள்ளீடற்ற கார்பன் ரிம்மும் மத்தளம்போல் அதைப் பெருக்கிவிடும். சத்தம் பெரிதாக இருந்தால் ஹப் உசத்தி என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. எண்ணெய் வற்றிய மலிவான ஹப்பும் அப்படித்தான் கத்தும்.

அண்ணன் அன்று புதுக் கோன் இரண்டும், ஒரு பக்கத்துக்கு ஒன்பதாகப் பதினெட்டுக் குண்டும் போட்டார். கப்பில் கிரீஸை விரலால் வழித்து வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. இன்னொரு குண்டு நுழையும்போல இருந்தது. அவர் நுழைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் குண்டுகள் தொடும் இடத்தில் ஒன்று மேலே போகும், மற்றது கீழே போகும். நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும். பிறகு கோனை முறுக்கினார், பின்னுக்கு விட்டார், கால் சுற்று முறுக்கினார், மறுபடி ஒரு நூல் விட்டார். இந்தக் கால் சுற்றில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்வீடனில் லுண்ட்பெரியும் பால்ம்கிரேனும் 1947-ல் வெளியிட்ட கணக்குப்படி, பாரம் இரண்டு மடங்கானால் பால்ரஸின் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும். கோனை இறுக்கினால் ஓட்டுபவர் ஏறுவதற்கு முன்பே குண்டுகள்மேல் பாரம் ஏறிவிடும். தளர்த்தினால் ஆட்டம் வந்து, அடியில் இருக்கும் ஒன்றிரண்டு குண்டுகள் மட்டும் சுமக்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்க அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, சங்கிலியை மாட்டும் முன் சக்கரத்தை மெல்லத் தள்ளிவிட்டார். அது நிதானமாகச் சுற்றி, ஓய்ந்து, நிற்கப்போவதுபோல் தயங்கியது. பின் திரும்பி எதிர்த்திசையில் கொஞ்சம் போனது. டியூபின் வால்வு இருக்கும் இடம்தான் சக்கரத்தில் சற்றுக் கனமான இடம். அந்தச் சில கிராம் எடை கீழே வர முயன்று, தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனது. கடிகாரப் பெண்டுலம்போல் ஒவ்வொரு முறையும் வீச்சு குறுகியது. அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வால்வு நேர்கீழே வந்து அசையாமல் நின்றபிறகுதான் அடுத்த வண்டியை எடுத்தார்.